‘பழகிடும்’ அர்காதி சவேலிச்

உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்தப் போகிறேன். பயப்பட வேண்டாம், கடிக்கமாட்டார். சன்னலை மட்டும் திறந்துவிடுவார்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘பழக்கி விடுகிறவர்’. பிறர் உடம்பும் மனசும் போதிய அளவு கஷ்டப்படவில்லையே என்ற கவலையில் இளைத்துப் போகிறவர். நீங்கள் நடுங்கினால் அது உங்கள் பிழை. நீங்கள் தும்மினால் அது உங்கள் அம்மாவின் பிழை, சின்ன வயதில் போர்த்திப் போர்த்தி வளர்த்துவிட்டாள். நீங்கள் செத்தே போனாலும் இரங்கல் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, “நல்ல மனுஷன், கொஞ்சம் முன்னாடியே பழக்கியிருக்கலாம்” என்று பேசி உட்காருவார். சைபீரியாவில் இருக்கும் எங்கள் இர்குத்ஸ்க் நகரத்தில் மாடிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். குளிர் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் இந்த இனம் செழிக்காமல் என்ன செய்யும்?

எங்கள் ஆய்வகத்துக்கு வாய்த்தவர் அர்காதி சவேலிச். பயிர்களைக் குளிர் என்ன செய்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. குளிர் எங்களை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. ஆய்வகத் தலைவர், அகன்ற மார்பு, வெள்ளை மீசை, குரல் மட்டும் ரயில் நிலையத்து ஒலிபெருக்கி. தினமும் காலையில் தன் குடியிருப்பின் முற்றத்தில், நீச்சல் உடுப்போடு, பனியில் வெறுங்காலோடு நின்று, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நிற்கும். யாரும் பார்க்காத நாளிலும் அவர் ஊற்றிக்கொள்கிறாரா என்பதை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

அதன்பிறகு சிவந்த காதுகளோடு வேலைக்கு வருவார். வந்ததும் செய்கிற முதல் காரியம், பெரிய சன்னலின் மேல்மூலையில் இருக்கும் குட்டிச் சன்னலைத் திறப்பது. வெளியே மைனஸ் முப்பது. உள்ளே நாங்கள்.

“காத்தே இல்லையே! எப்படித்தான் இந்தப் புழுக்கத்துல இருக்கீங்களோ! ஒருத்தர் விட்ட மூச்சை இன்னொருத்தர் இழுத்துக்கிட்டு!”

“அர்காதி சவேலிச், என் கழுத்துலயே அடிக்குது” என்பாள் தமாரா ல்வோவ்னா. எங்கள் கண்ணாடிக் குடுவைகளுக்கும் அமிலங்களுக்கும் அவள்தான் பொறுப்பு. உலகத்தில் உள்ள நோய்கள் எல்லாமே சன்னல் இடுக்குக் காற்றால் வருகின்றன என்பது அவளுடைய கட்சி. தன் சொந்தத் தங்கையின் விவாகரத்துக்குக்கூட அவள் சொல்லும் காரணம் அந்த வீட்டுச் சமையலறை சன்னல்தான்.

“பழகிடும், தமாரா ல்வோவ்னா.”

“இருபது வருஷமா இதைத்தானே சொல்றீங்க? பழகலையே!”

“நீங்க ஒத்துழைக்கலை.”

அவர் அறையை விட்டுப் போவார். அவள் சாத்துவாள். அவர் வருவார், திறப்பார். எங்கள் ஆய்வகத்தில் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து நடந்த ஒரே பரிசோதனை இதுதான்.

சரி, குளிர் மட்டும்தானா? அது போதுமென்றால் நான் ஏன் பேனாவை எடுக்கிறேன்? புதிதாக வந்த பெண்ணிடம் காலையில் ஒரு வேலையைக் கொடுத்து மத்தியானம் முடிவைக் கேட்பார். “தண்ணியில தூக்கிப் போட்டாத்தானே நீச்சல் வரும்!” மாநாட்டில் பேசவேண்டியவரிடம் மேடைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அதைச் சொல்வார். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டால் வெங்காயம் தின்னச் சொல்வார். இதையெல்லாம் வன்மத்தில் செய்தால் வெறுத்துத் தொலைக்கலாம். பாவி மனுஷன், பாசத்தில் செய்கிறார்!

இப்போது இவரை வகுப்பறையில் பாருங்கள். அங்கே இவர் வேறு ஆள். அந்த ஒலிபெருக்கி தாலாட்டாகிவிடும். “மெதுவா, பிள்ளைங்களா, மெதுவா” என்று தொடங்குவார். குளிர்கால கோதுமை நாற்று இலையுதிர் காலத்தில் என்ன செய்கிறது? பகல் குறுகி, குளிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வர வர, அது இருக்கிற வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை சேர்க்கிறது. கூடவே ஒருவகைக் காவல் புரதங்களைச் செய்து தன் உயிரணுக்களுக்குள் நிரப்பிக்கொள்கிறது. பனி உறையும்போது உயிரணுவின் தண்ணீரை வெளியே உறிஞ்சிவிடும். தண்ணீர் போன இடத்தில் மற்ற புரதங்கள் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, சவ்வும் கிழிந்து, நாற்று வெந்த கீரையாகிவிடும். அப்படி ஆகாமல் நடுவில் புகுந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் தாங்கிப் பிடிப்பவை இந்தக் காவல் புரதங்கள்.

“காய்ஞ்ச விதைக்குள்ளயும் இது இருக்கு. விதை காயறப்பவே தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அதனாலதான் அது எவ்வளவு குளிர்லயும் தூங்கும். ஆனா தண்ணி குடிச்சு முளைவிட்டப்புறம், அந்தச் சோறு தீர்ந்துபோச்சு. இனிமே குழந்தை தானே சமைக்கணும். அதுக்கு அவகாசம் கொடுக்காம திடீர்னு உறைபனியில வெச்சா?” இங்கே நிறுத்திவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “கொலை, பிள்ளைங்களா. அதுக்கு வேற பேர் கிடையாது. அதே மாதிரி, நல்லாப் பழகின நாத்தை நடுக் குளிர்காலத்துல கொஞ்ச நாள் வெதுவெதுன்னு வெச்சுப் பாருங்க. காவல் புரதம் எல்லாம் கரைஞ்சு போயிடும். அப்புறம் வர்ற பனியில அதுவும் காலி.”

இதை அவர் தன் புத்தகத்தில் ஐந்தாவது அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். மாணவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். உருக்கத்தினால் பாதி, குட்டிச் சன்னலினால் பாதி.

கோதுமைக்கு வாரக்கணக்கில் அவகாசம். எங்களுக்கு? குட்டிச் சன்னலின் கொண்டி திறக்கிற சத்தம் மட்டும்.

இனி செசெக்மாவுக்கு வருகிறேன். செலெங்கா ஆற்றுப் பக்கத்துப் புரியாத் இனப் பெண், ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்தவள், அதிகம் பேசமாட்டாள், விழா நாட்களில் எங்களுக்கு போஸி என்கிற, ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை கொண்டுவந்து தருவாள். அவள் ஊர்ப் பக்கம் குளிர் உண்டு, நாற்றை மூடிக் காக்கும் பனிப்போர்வை கிடையாது. வெற்று மண்ணில் கோதுமை நின்று உறையும். அப்படிப்பட்ட ஒரு கொடுங்குளிரில் அவளுடைய சோதனை வயல் முழுக்கக் கருகிப்போக, ஒரு மூலையில் சில செடிகள் மட்டும் உயிரோடு எழுந்தன. அவற்றிலிருந்து கிடைத்த ஒரு கைப்பிடி விதையோடு அவள் வந்தாள். அந்தச் செடிகளிடம் காவல் புரதம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டால் அவளுக்குப் பட்டம். அந்த விதையைப் பெருக்கிவிட்டால் அவள் ஊருக்கு உறைபனியைத் தாங்கும் கோதுமை.

பாதியை விதைத்து, பாதியைப் பத்திரமாக வைக்கலாம் என்றாள். புத்தியுள்ளவள்.

“பத்திரமாவா?” அர்காதி சவேலிச்சின் மீசை எழுந்து நின்றது. “கையிருப்பு வெச்சுக்கிட்டா கவனம் வராது, கண்ணு. எல்லாத்தையும் விதை. பின்னாடி போக வழி இல்லைன்னு தெரிஞ்சாத்தான் மனுஷன் முன்னாடி போவான்.”

“ஆனா அர்காதி சவேலிச், ஒருவேளை ஏதாவது…”

“பழகிடும்.”

அவள் எல்லாவற்றையும் விதைத்தாள். பாதியாக வெட்டிய பால் அட்டைப்பெட்டிகளில் நாற்றுகள் எழுந்தன. குளிரறையில் விளக்கு வைத்து, பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, தலைவர் சொன்ன மாதிரியே மெதுவாகப் பழக்கினாள். அந்தப் பெட்டிகள் போனால் எல்லாம் போயிற்று. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

புத்தாண்டு விடுமுறை வந்தது. அர்காதி சவேலிச் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? வடதுருவமா? வியட்நாம் கடற்கரை. வைக்கோல் தொப்பி, கையில் இளநீர், கழுத்தில் பூமாலை. ஆய்வகத்து வாட்ஸாப் குழுவில் படம் வந்தது. கீழே ஒரு வரி: ‘உடம்புக்கு மாற்றமும் தேவை.’ தமாரா ல்வோவ்னா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, “பின்னாடி மின்விசிறி கூட ஓடலை பாரு, காத்து பட்டுடும்னு பயமா இருக்கும்” என்றாள்.

அந்த விடுமுறையில்தான் குளிரறையின் கம்ப்ரஸர் செத்தது.

செசெக்மா காலையில் வந்து பார்த்தபோது உள்ளே பெல்மெனிக் கொழுக்கட்டை வேகவைக்கலாம் போன்ற வெதுவெதுப்பு. எங்கள் கட்டடத்தில் வெப்பக் குழாய்கள் யார் பேச்சையும் கேட்காமல் கொதிக்கும். சைபீரியாவில், ஜனவரியில், எங்களிடம் குளிர் தீர்ந்துபோயிற்று! மெக்கானிக்குக்கு நான்தான் போன் போட்டேன். பின்னணியில் பாட்டும் கண்ணாடிக் கோப்பைச் சத்தமும்.

“என்னம்மா கேக்குறீங்க? குளிரா?”

“குளிரறை வேலை செய்யலைங்க.”

“வெளியில மைனஸ் முப்பது. கதவைத் திறங்கம்மா!”

“பூஜ்யத்துக்கு மேல ரெண்டு டிகிரி வேணும். மைனஸ் முப்பது இல்ல.”

“ரொம்பத்தான் நாசூக்கு உங்களுக்கு!” என்று வைத்துவிட்டான்.

வெளிச்சம் இருக்கவேண்டும், பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும் குளிர் இருக்கவேண்டும். இந்த ஊரில் அப்படி ஓர் இடம் எது? தமாரா ல்வோவ்னாதான் கண்டுபிடித்தாள், அதுவும் நொந்துகொண்டே. எங்கள் கட்டடம் பழையது, சுவர் தடிமன், சன்னல் இரட்டை. உள் கண்ணாடிக்கும் வெளிக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடம். அங்கே அவள் ஆண்டாண்டாக வெண்ணெயும், காகிதத்தில் சுற்றிய உப்புப் பன்றிக் கொழுப்பும் வைத்திருந்தாள்.

“என் வெண்ணெய் அங்க உருகவும் மாட்டேங்குது, உறையவும் மாட்டேங்குது. உன் கோதுமைக்கு அதுக்கு மேல என்னடி வேணும்?”

செசெக்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் மூவருமாகப் பெட்டிகளை இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வரிசையாக அடுக்கினோம். வெப்பமானியைத் தொங்கவிட்டோம். அதிகம் குளிர்ந்தால் உள்பக்கத்துக் குட்டிச் சன்னலைத் திறந்து அறையின் சூட்டைக் கொஞ்சம் விட்டோம், சரியானதும் சாத்தினோம். விடுமுறை முழுக்க முறை வைத்து வந்தோம். இருபது வருடங்களாகச் சன்னலைச் சாத்திச் சாத்தித் தேறிய தமாரா ல்வோவ்னாவின் கை, தலைமுடி அளவு இடைவெளியைக்கூட அளந்து வைத்தது. நாற்றுகள் மறுபடி உயிர்பிடித்து, கருநீலப் பச்சையாகி, மண்ணோடு படிந்து, குளிருக்குப் பழகத் தொடங்கின.

“அந்தக் கொழுப்பை எடுத்துடுங்க அக்கா, வெளிச்சத்தை மறைக்குது” என்று செசெக்மா கேட்டாள். “எடுத்துட்டேன், எடுத்துட்டேன்” என்றாள் தமாரா ல்வோவ்னா. எடுக்கவில்லை. தன் பழைய சால்வையில் சுற்றி ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று பிறகு சொன்னாள்.

ஜனவரி பத்தொன்பதில் வரும் ஞானஸ்நானத் திருநாளுக்கு முதல் நாள் அர்காதி சவேலிச் திரும்பினார். எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார், அசத்தவேண்டும் என்று. நானும் செசெக்மாவும் கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்தது குளிர். அறை நடுவே, பொன் நிறத்தில் வெந்த ரொட்டி மாதிரி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்து எழுந்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். சன்னலில் இரண்டு குட்டிக் கதவுகளும், உள்ளதும் வெளியதும், விரியத் திறந்திருந்தன. வெண்ணிறக் குளிர் கண்ணாடிகளுக்கு நடுவே நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க வாங்க! நான் இல்லைன்னதும் ஒரே புழுக்கமாக்கி வெச்சிருக்கீங்களே!”

செசெக்மா கத்தவில்லை. மேசை மேல் ஏறிச் சன்னலைச் சாத்தினாள். பிறகு உள் கண்ணாடியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். இலைகள் கண்ணாடி போல் பளபளத்தன. அழகாகக்கூட இருந்தன. அறையின் சூட்டில் சற்று நேரத்திலேயே கறுத்து, ஈரமாகி, மடிந்தன. வெந்த கீரை. தமாரா ல்வோவ்னா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அர்காதி சவேலிச் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “இது இங்க எப்படி வந்துச்சு?” என்றார். சொன்னோம். முகம் ஒரு கணம் வெளிறியது, வியட்நாம் நிறத்தையும் மீறி. அந்த ஒரு கணம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. நீடிக்கவில்லை. ஏனென்றால் சன்னல் மூலையில், இன்னும் எடுக்காத நான்கைந்து பெட்டிகளில் நாற்றுகள் பச்சையாகவே நின்றிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“பார்த்தியா! பார்த்தியா! நான் என்ன சொன்னேன்? வலிமை உள்ளது நின்னிருக்கு! இதுதான் தேர்வு, கண்ணு. குளிரே உனக்குப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கு. எனக்கு நீ நன்றி சொல்லணும்!”

செசெக்மா அந்த மூலையில் கைவிட்டு, சால்வையில் சுற்றிய ஒரு பெரிய கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சால்வையைப் பிரித்தாள்.

“வலிமை இல்லை, அர்காதி சவேலிச். பன்றிக் கொழுப்பு. இதுக்குப் பின்னாடி நின்னதுங்க.”

“வீட்டு ஃப்ரிட்ஜில இடமில்லை” என்று தமாரா ல்வோவ்னா மெல்ல முனகினாள்.

இந்த இனத்தின் தர்க்கம் முழுவதும் அந்த மேசைமேல்தான் இருந்தது. பிழைத்தவனைக் காட்டி, “பார், பழகிட்டான்” என்பார்கள். அவன் எந்தக் கொழுப்புக் கட்டிக்குப் பின்னால் நின்றான் என்று கேட்கமாட்டார்கள். மடிந்த நாற்று எந்தக் கூட்டத்துக்கும் வந்து சாட்சி சொல்வதில்லை.

மறுநாள், திருநாளுக்காகப் பனிக்குழியில் முங்குகிற சடங்கு. அர்காதி சவேலிச்சுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, தண்ணீர் நம்பிக்கை உண்டு. உறைந்த நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் பனியைச் சதுரமாக அறுத்து, மர ஏணி இறக்கியிருந்தார்கள். ஆண்டுதோறும் எங்களைக் கரையில் நிறுத்திவைத்து முங்குவார், நாங்கள் கைதட்டவேண்டும். அன்று கைதட்டுகிற மனநிலையில் யாரும் இல்லை. அதனாலேயே அவர் இன்னும் நிமிர்ந்து நடந்தார். வெளுத்த கூட்டத்தின் நடுவே அவர் ஒருவர் மட்டும் மாம்பழ நிறம்.

முதல் முங்கு. எழுந்தார். வழக்கமாக இந்த இடத்தில் “ஆஹா!” என்று ஒரு கர்ஜனை வரும். வரவில்லை. வாய் திறந்தது, சத்தம் இல்லை. ஏணியின் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. விடவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. கண்கள் மட்டும் எங்களைத் தேடின.

கரையில் அவருடைய ஆட்டுத்தோல் கோட்டை வைத்துக்கொண்டு நின்றவள் செசெக்மா. அவள் குனிந்தாள். எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. அவள் சொல்லப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்தேன். சொல்லட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், ஏன் மறைக்கவேண்டும்?

அவள் சொல்லவில்லை. இரண்டு கையாலும் அக்குளில் பிடித்து இழுத்தாள். நாங்களும் சேர்ந்தோம். கோட்டைப் போர்த்தி, காரில் ஏற்றி, வாயில் சூடான பால் தேநீரை ஊற்றினோம். பல் கிட்டியபடி அவர் கேட்டார்:

“எ… எனக்கு என்ன ஆச்சு? வருஷா வருஷம் முங்கறவன்…”

“எங்கிருந்து வந்தீங்க, அர்காதி சவேலிச்?” என்றாள் செசெக்மா.

“வி… வியட்நாம்.”

“அங்க எப்படி இருந்துச்சு?”

“நல்ல… வெதுவெதுன்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே, “அஞ்சாவது அத்தியாயம்” என்றார்.

நிமோனியாவோடு படுத்து எழுந்து வந்தார். திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தோடு உங்களுக்குப் பழக்கம் போதாது. வந்த அன்றே எல்லோரையும் கூட்டி, கனத்த குரலில் அறிவித்தார்: குளிர்காலத்தில் யாரும் வெப்ப நாடுகளுக்கு விடுப்பில் போகக்கூடாது, உடம்பு பழக்கம் விட்டுப்போகும், தானே அதற்கு உயிருள்ள உதாரணம். அறிவித்துவிட்டுக் குட்டிச் சன்னலைத் திறந்தார். திறப்பதற்கு முன் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு தடவை எட்டிப்பார்த்தார். அவருடைய வாழ்க்கையின் முழுச் சீர்திருத்தமும் அந்த எட்டிப்பார்த்தல்தான்.

செசெக்மாவின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கொழுப்புக்குப் பின்னால் பிழைத்த பெட்டிகளில் அவள் காவல் புரதத்தை அளந்தாள். அவள் நினைத்தபடியே கூடுதலாக இருந்தது. பட்டம் கிடைத்தது. விதையும் கொஞ்சம் எடுத்தாள். இந்த முறை பாதியை நன்றாகக் காயவைத்து, ஃப்ரீஸரில், பெல்மெனிப் பைகளுக்கு அடியில் போட்டு வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. மீதியை அவள் ஊரில் விதைத்தார்கள். இப்போது எங்களோடு அவளும் ஆய்வாளர்.

சென்ற மாதம் சீதா என்ற சைபீரிய நகரத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மெல்லிய கோட்டு. முதல் வாரத்திலேயே அவள் பிரித்தெடுத்த புரதம் முழுவதும் வீணாகிவிட, மேசையில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். செசெக்மா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“நாங்கல்லாம் எவ்வளவு பார்த்துட்டோம். பழகிடும்.”

தமாரா ல்வோவ்னாவின் கையிலிருந்த குடுவை அப்படியே நின்றது. நானும் நின்றேன். செசெக்மா கோப்பையைக் கீழே வைத்தாள், தன் வாயிலிருந்தா அது வந்தது என்று நம்பாதவள் மாதிரி. பிறகு எழுந்து போய்க் குட்டிச் சன்னலைச் சாத்திவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரில் பனி கிடையாது, குட்டிச் சன்னல் கிடையாது, மிஞ்சிப்போனால் மார்கழிக் காலையில் ஒரு மஃப்ளர். உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமே இல்லை. விடுதியிலிருந்து பையன் போன் செய்து, “இங்க இருக்க முடியலப்பா” என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் போன மகள் சமையலறையிலிருந்து ரகசியமாகப் பேசியபோது என்ன சொன்னீர்கள் என்பதும் தெரியாது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவனிடம் முதல் நாளே முழுக் கோப்புக் கட்டையும் தூக்கிக் கொடுத்தது நீங்களாக இருக்கமுடியாது. “நாங்கல்லாம் அந்தக் காலத்துல…” என்று தொடங்கியது பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கும்.

“நான் அப்படிப்பட்டவன் இல்லை” என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? அர்காதி சவேலிச்சிடம் இதைப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கும் இப்படி ஒருத்தரைத் தெரியும்” என்றார். ஆகவே சன்னல் கொண்டியில் கை வைப்பதற்கு முன்னால், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.